மூன்றாவது சைக்கிள்

மியூஸ் ஆற்றின் மேல் போர்க்காலத்தில் போட்ட பலகைப் பாலம் ஒரு சைக்கிளைத்தான் தாங்கும். அக்கரை சேர்ந்தவர் மணி அடித்த பிறகே அடுத்தவர் ஏறலாம். முப்பது வருடமாக மே மாதத்தில் நான், என் மனைவி ஒதில், நண்பன் காஸ்தோன் என்ற வரிசையில் கடப்போம். கடைசி ஆளான காஸ்தோன் மணியைத் தொடவே மாட்டான்.

“நான் அடிச்சா செத்த பட்டாளம் மொத்தமும் கிளம்பி வந்துடும்டா!”

பிப்ரவரியில் அவனைப் புதைத்தோம். இந்த மே மாதம் நான் கடந்து மணி அடித்தேன். ஒதிலும் கடந்து, பழக்கத்தில் அடித்துவிட்டாள்.

“யாரைக் கூப்பிடுற? இனி யாரு இருக்கா?”

“ஐயோ, கை தானா போயிடுச்சு.”

சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பிரித்தோம். பாலத்துப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கடகடத்தன. சத்தம் எங்கள் கரைக்கு வந்து நின்றது. பாலத்தில் யாரும் இல்லை.

காத்திருந்தோம். மணி அடிக்கவில்லை.