ஒரு குத்துக்கு ஓர் ஊசி

காலை வெயில் தையல் மேசை வரை வந்து நிற்கிறது. தையல்காரர் சட்டையைத் தூக்கிப் பிடித்து, வாரத்துக்கு ஒருமுறை போடும் சர்க்கரை நோய் மருந்து ஊசிப் பேனாவை வயிற்றருகே கொண்டுபோகிறார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "போன வாரத்து ஊசியா அது?" "முனை மழுங்கல. நல்ல ஊசிய ஒரு குத்துக்கே எவனாவது தூக்கிப் போடுவானா?" "துணியும் வயிறும் ஒண்ணா உங்களுக்கு?" அவர் முணுமுணுத்துக்கொண்டே பழைய ஊசியைக் கழற்றிக் கெட்டி டப்பாவில் போட்டு மூடுகிறார். புது ஊசியைத் திருகி, போன வாரம் வலப்பக்கம் என்பதால் இப்போது இடப்பக்கம் குத்துகிறார். மருந்து முழுதும் இறங்கும்வரை அவள் வாய்க்குள் எண்ணி முடித்துத் தலையாட்டிய பிறகுதான் ஊசியை எடுக்கிறார். சர்க்கரை ஏறிக் கிடந்த மாதங்களில் அவருக்கு ஊசிக்காது புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. அவள்தான் நூல் கோத்துக் கொடுத்தாள். இப்போது அது பளிச்சென்று தெரிகிறது. அவர் தையல் மிஷினில் உட்கார்ந்ததும் நூல் கோக்க அவள் கை பழக்கதோஷத்தில் நீள்கிறது. "அட, இப்பதான் உங்களுக்கே தெரியுதே" என்று சிரித்துக் கையைப் பின்னால் இழுக்கப் பார்க்கிறாள். "தெரியுது" என்கிறார் அவர். நூல் முனையை அந்தக் கையிலேயே வைக்கிறார்.