தலைக்குத் தண்ணீர்

வேப்பிலையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றாள் நர்ஸ்.

கோமதி கொத்தை மடியில் செருகிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் கணவன். வாயில் குழாய். மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள்கள். முகத்தில் அம்மை முத்துகள் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தன.

ஆத்தா இறங்கிவிட்டாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

டாக்டருக்குச் சின்ன வயது. கைகளைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"அம்மைக் கிருமி இதயத்துக்குப் போயிருச்சும்மா. தசை வீங்கிப்போச்சு. ரத்தத்தை அடிச்சுத் தள்ள முடியாமக் கெடக்கு. வீட்டுல மூச்சு வாங்குச்சா? கால் வீங்குச்சா?"

வாங்கியது.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். உடம்புச் சூடு என்றாள் அத்தை. இளநீர் கொடுத்தார்கள்.

வீங்கியது.

கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. அவள்தான் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். தளர்த்தி மறுபடி கட்டிவிட்டாள்.

"அப்பவே ஏம்மா வரல?"

வாசலில் வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக் கூடாது. ஊசி ஆகாது. ஆத்தா விளையாடிவிட்டு அவளாகப் போவாள்.

டாக்டர் அவள் மடியைப் பார்த்தார்.



அம்மை உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"ஏ கோமதி, ஒங்க ஆத்தாளுக்கு உக்கார வேற எடமே கெடைக்கலையா? சரியா நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கா. நானும் எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கேன். இந்தக் கனம் கனத்ததில்ல."

"வாயக் கழுவுங்க. சாமி குத்தமாயிரும்."

பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, அவன் கன்னத்திலும் போடவைத்தாள்.

அந்தக் கை சில்லிட்டிருந்தது. ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

பிறகு அவன் நெஞ்சைப் பற்றிப் பேசவே இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரட்டுமா சார்?"

"வழியில தாங்காதும்மா."

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிட்ருங்க."

அவர் போய்விட்டார். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே நர்ஸ் அவன் காலிலிருந்த கறுப்புக் கயிற்றைக் கத்தரித்து எடுத்தாள். கயிறு கிடந்த இடம் பள்ளமாகவே இருந்தது.

இன்று அவனுக்குத் தலைக்குத் தண்ணீர்.

காலையில் அவள்தான் அண்டாவை நிரப்பினாள். மஞ்சள் கரைத்தாள். வேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். முற்றத்து வெயிலில் நகர்த்தி வைத்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தாள்.

தண்ணீரில் சூடு ஏறுவதற்குள் அவன் வாசற்படியில் சரிந்தான்.

போன் அடித்தது. அத்தை.

"தண்ணி நல்லாக் காஞ்சிருச்சு தாயி. வெயிலும் எறங்கப் போவுது. புள்ளைய எப்பக் கூட்டியாருவ?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன, நேரமாவுமா? அப்ப இதக் கொட்டிரவா? நாளைக்கு வேற தண்ணி வச்சுக்கிருவோம்."

உள்ளே நர்ஸ் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடித்தாள்.

"கொட்டிராதீங்க அத்தே," என்றாள் அவள்.

"அவருக்கு ஊத்தணும்."