வறண்ட சரிவு

“ஈரம், ஈரம்னு சொல்றீங்களே, நீங்க பார்த்தது ஈரத்தையா, கறையையா?”

கேட்டவர் அவளுடைய கணவர். மேடையில் நின்றுகொண்டு பதில் தேடியவன் அவளுடைய தம்பி. இருவருக்கும் நடுவே நீள மேசை போட்டு நிபுணர் குழு. மருந்துக் கடையை அரை நாள் மூடிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு, யார் முகத்தைப் பார்ப்பதென்றே தெரியவில்லை.

திரையில் செவ்வாய்க் கிரகத்தின் மலைச்சரிவு ஒன்று. அதில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள். வெயில் காலத்தில் நீளுமாம், குளிர் வந்தால் வெளுத்துப்போகுமாம். உப்புத் தண்ணீர் கசிந்த தடம் அது என்பது தம்பியின் கட்சி. இரண்டு வருடமாக அந்தக் கோடுகளோடுதான் அவன் குடித்தனம். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, “இது முடியட்டும்க்கா” என்று நழுவிவிடுவான்.

கணவர் மணலை ஆராய்கிறவர். வீட்டில் அவருக்கு ‘ஆதாரம்’ என்று பட்டப்பெயர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அவள் சொன்னால், குடித்துப் பார்க்காமலே “ஆதாரம்?” என்பார். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவாள். ஆனால் சபையில், அதுவும் சொந்த மைத்துனனிடமா?

“தண்ணி பள்ளத்தைத் தேடித்தானே ஓடும்?” அவர் விடவில்லை. “உங்க கோடெல்லாம் செங்குத்தான இடத்துலதான் ஓடுது. சரிவு கொஞ்சம் படுத்ததும் பிரேக் போட்ட மாதிரி நின்னுடுது. ஏன்?”

“தண்ணியோட அளவு குறைவா இருக்கலாம்.”

“எல்லாக் கோட்டுலயும் ஒரே மாதிரியா குறையும்? காய்ஞ்ச மணலைக் குவிச்சு, சரிய விட்டுப் பாருங்க. அதுவும் அப்படித்தான் நிக்கும்.”

“செயற்கைக்கோள் கருவியில உப்புக்கான அடையாளம் கிடைச்சிருக்கே.”

“உப்புக்கே வழியில்லாத பாறையிலயும் அந்தக் கருவி அதே அடையாளத்தைக் காட்டியிருக்கு. காட்டலைன்னு சொல்லுங்க, நான் உட்கார்ந்துடறேன்.”

தம்பி மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். அவளுக்கு எழுந்து போய் அவனை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

குழுவினர் ஒருவரோடு ஒருவர் கிசுகிசுத்தார்கள். பிறகு தலைவி ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“தண்ணீர் இருக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இந்த இடத்தை வறண்ட சரிவு என்றே பதிவு செய்கிறோம்.”

முடிந்தது. தம்பி யாரையும் நிமிர்ந்து பாராமல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான்.

நடைபாதையில் கணவரை வழிமறித்தாள் அவள்.

“திருப்தியா? ரெண்டு வருஷ உழைப்பை அரை மணியில மண்ணாக்கிட்டீங்க.”

“அது மண்ணுதானான்னு இன்னும் தெரியாது,” என்றார் அவர் கண்ணாடியைத் துடைத்தபடி.

“இந்த நக்கல்தான் வேண்டாங்கறது. வெளி ஆள் நாலு பேர் கேட்டிருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்க ஏன் கேட்கணும்? வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு?”

“அதை உன் தம்பியைக் கேளு.”

“அவன்கிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசுவேன்? காரை எடுத்துக்கிட்டு நீங்க போங்க. நான் வர நேரமாகும். வந்தாலும் உங்ககூடப் பேச மாட்டேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்.

தம்பியின் அறை மாடியில் இருந்தது. படியேறும்போதே ஆறுதல் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டாள். போனால் போகிறது, உனக்கு வயசிருக்கிறது, வேறு கிரகமா இல்லை? எதுவும் உருப்படியாகத் தேறவில்லை. கதவைத் தட்டாமலே திறந்தாள்.

அவன் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

“சாப்பிட ஏதாவது வெச்சிருக்கியாக்கா? காலையிலேர்ந்து பட்டினி.”

கைப்பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மனசுல எதையும் வெச்சுக்காதடா. அந்த மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாது. வீட்டுக்கு வரட்டும், நான் பார்த்துக்கறேன்.”

“அத்தானை ஏன்க்கா திட்டறே?” பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கேட்டான். “எதிர்த்துப் பேச யாரைக் கூப்பிடலாம்னு குழுவில கேட்டாங்க. சொந்தக்காரர்னு சொல்லிட்டு, அவர் பேரைக் கொடுத்ததே நான்தான். ஓட்டை இருந்தா ஒண்ணு விடாம கேளுங்கன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் கேட்டதுல எதுக்கும் என்கிட்ட பதில் இல்லைங்கறதும் நிஜம்.”

“தோத்துப்போறதுக்கா ரெண்டு வருஷம் தூக்கம் கெட்டே?”

“அங்க தண்ணி இருக்குன்னு தீர்ப்பாயிருந்தா, பூமியிலேர்ந்து ஒட்டிக்கிட்டுப் போற கிருமி அதுல கலந்துடும்னு, அந்தப் பக்கம் எந்த ஆய்வு வண்டியையும் இறக்க விடமாட்டாங்கக்கா. இப்ப வறண்ட சரிவுன்னு ஆயிடுச்சில்ல, அடுத்த வண்டி நேரா அங்கதான் போகுது, தண்ணி இருக்கான்னு பார்க்க.”