கிவ், கேவ், கிவன்

பஸ் நகரும் நேரத்தில் இளவரசன் சார் ஓடி வந்து ஏறியதைப் பார்த்ததும் சுராயாவுக்குத் திக்கென்றது.

சாருக்கு வீடு உறையூரில். இது எதிர்த் திசையில் போகும் ஸ்ரீரங்கம் பஸ். முன் சீட்டில் தேவதர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று பேருமே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலிருந்துதான் வருகிறார்கள். பாடம் நடத்துகிறவர் சார். நாற்பது வயதில் ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் சுராயா. தேவதர்ஷினி காலேஜ் பெண்.

இன்றைக்கு 'கிவ், கேவ், கிவன்' பாடம். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். தேவதர்ஷினி சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகும் சார் அவளையே பார்த்தபடி நின்றார். அடுத்தவர்கள் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. சுராயாவுக்கு அப்போதே பிடிக்கவில்லை.

இப்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைத்தான் பார்க்கிறார். நடுநடுவே யாருக்கோ போன் போடுகிறார்.

காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் பஸ் நின்றது. தேவதர்ஷினி இறங்கினாள். அவள் இறங்க வேண்டிய இடம் இதுவல்ல.

சாரும் இறங்கினார். சுராயாவும் இறங்கினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் வந்த வழியே திரும்பிப் பாலத்தைப் பார்த்து நடந்தாள். சார் நடையை எட்டிப் போட்டார்.

சுராயா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"என்ன சார் பண்றீங்க? ஒரு பொம்பளப் புள்ள பின்னாடி இப்படி வர்றீங்களே, வெக்கமா இல்ல? ஆளுங்களக் கூப்பிடவா?"

அவள் கையை அவர் தட்டிவிடவில்லை. முகம் வெளிறிக் கிடந்தது.

"கூப்பிடுங்கக்கா. என்னை அப்புறமா அடிங்க. முதல்ல அவளப் பிடிங்க. நான் போனா பயந்து ஓடிருவா."

அந்தக் குரலில் இருந்த பயம் சுராயாவையும் பிடித்துக்கொண்டது. ஏனென்று புரியாமலே ஓடினாள்.

"தர்ஷினி, நில்லும்மா."

பாலம் தொடங்குகிற இடத்தில் கையைப் பிடித்துவிட்டாள். கை ஜில்லென்றிருந்தது.

"என்னால முடியலக்கா," என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண். பிறகு சுராயாவின் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சாரின் போனை ஒருவழியாக எடுத்த அவள் அம்மா, ஆட்டோவில் பதறியடித்து வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அதுவரை சுராயா பிடியைத் தளர்த்தவில்லை. சார் தள்ளியே நின்றார்.

சுராயா அவரிடம் போனாள்.

"உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"அவ சொன்ன வாக்கியந்தான்க்கா. 'என் பொருளையெல்லாம் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன், எல்லாரையும் மன்னிச்சிட்டேன்.' இலக்கணத்துல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அர்த்தத்த யோசிச்சுப் பயந்துட்டேன்."

சுராயாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வகுப்பில் அந்த வாக்கியத்துக்கு முதல் ஆளாகக் கைதட்டியவள் அவள்தான்.