கண் போன இடம் மட்டும்

"நாடியை இதில வைச்சுக்கொண்டு ஆடாமல் இருங்கோ அங்கிள். கண் மட்டும் அசையலாம்," என்றான் சுலக்ஷன்.

கண் வைத்தியரிடம் போனவரைப் போல நவரத்தினம் முகவாயைத் தாங்கியில் வைத்தார். எதிரே கணினித் திரை. அதன் கீழே அவருடைய கண்மணியையே குறிவைத்து ஒரு சின்னக் கமரா. தமிழ் வாசிக்கும்போது கண் எப்படி ஓடுகிறது என்று எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சுலக்ஷன் ஆராய்கிறான். இங்கே ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளைகளைக் கூப்பிட்டால் எழுத்துக் கூட்டி முடிக்கவே பொழுது போய்விடும். கடகடவென்று வாசிக்கிற ஆள் வேண்டுமென்றால் கோவில் சபைச் செயலாளர் நவரத்தினத்தை விட்டால் வேறு யார்?

அப்படிச் சொல்லித்தான் கமலநாயகி கணவரை நியூரம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். உண்மை வேறு. மகள் கம்சனாவுக்கு இந்தப் பொடியன் மேல் விருப்பம். அது தாய்க்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியாது. மனுசன் இவனை ஒருமுறை நேரில் பார்க்கட்டும், பிடித்துப்போனால் பிறகு மெல்ல மெல்லக் காதில் போடலாம் என்பது அவள் எண்ணம்.

மெல்லத்தான் போட வேண்டும். போன தேர்த் திருவிழாவில் தபோதரன் தன் மகனுக்காகக் கம்சனாவை நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டார். "பொம்பிளை கேக்கிறதுக்கு இதென்ன சந்தையோ?" என்று நவரத்தினம் போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு கணம் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் ஆய்வுகூட வாசலிலேயே சுலக்ஷனைப் பிடித்துச் சொல்லி வைத்தாள்.

"தம்பி, இண்டைக்கு அந்தக் கதை உம்மட வாயில வரப்படாது. விளங்குதோ?"

"ஓம் அன்ரி. நான் வாயே திறக்கமாட்டன்."

சோதனை தொடங்கியது. பக்கத்துக் கதிரையில் இருந்தபடி திரையை எட்டிப் பார்த்த கமலநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுக்கக் குப்பை. 'டபகந றமலக' என்று பொருளில்லாத எழுத்துகள். நடுவே எங்கேயோ ஒரு நல்ல சொல் தெரிகிற மாதிரி இருக்கும். இவள் கண் அங்கே போவதற்குள் அதுவும் குப்பையாகிவிடும்.

"தம்பி, உங்கட மெஷின் பழுதாப் போச்சுது போல."

"சும்மா இரும்," என்றார் நவரத்தினம், நாடியை எடுக்காமலே. "நல்ல தெளிவாக் கிடக்கு. தம்பி வாழைக்காய்ப் பொரியலைப் பற்றி எழுதியிருக்கிறார்."

"வாழைக்காயோ? எனக்கு ஒரு கோதாரியும் தெரியேல்லையே."

சுலக்ஷன் சிரித்தான். "பழுதில்லை அன்ரி. வாசிக்கேக்க கண் வழுக்கிக்கொண்டு போறேல்லை, தத்தித் தத்தித்தான் போகும். ஒரு சொல்லில நிக்கேக்கயே அடுத்த சொல்லை ஓரக்கண் பாத்து வைச்சிடும். நீளமோ கட்டையோ, எந்த எழுத்தில தொடங்குது எண்டு. அந்த ஓரக்கண்ணுக்கு எவ்வளவு தெரியும் எண்டு பாக்கத்தான் இது. அங்கிளின்ர கண் நிக்கிற இடத்தைச் சுத்தி மட்டும் சரியான சொல் வரும், மிச்சமெல்லாம் குப்பை. கண் நகர நகர அதுவும் கூடவே நகரும்."

"ஓரக்கண்ணைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாம் தம்பி," என்றாள் கமலநாயகி. பொங்கல் விழாவில் இவனும் கம்சனாவும் பார்த்துக்கொண்டதை அவள் பிடித்ததே அதால்தான்.

ஒவ்வொரு பக்கம் முடியவும் ஒரு கேள்வி வரும். ஓம் என்றால் பச்சைப் பொத்தான், இல்லை என்றால் சிவப்பு. நவரத்தினம் டக் டக்கென்று அமத்திக்கொண்டே போனார். "பொடியன் பிழையில்லாமல் தமிழ் எழுதுறான்," என்று ஒருதரம் முணுமுணுக்கவும் செய்தார். கமலநாயகிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இனிக் கடைசிப் பக்கம் அங்கிள்," என்றான் சுலக்ஷன்.

அந்தப் பக்கத்தில்தான் சனியன் பிடித்தது. வாசித்துக்கொண்டு வந்தவரின் நெற்றி சுருங்கியது. வாய் இறுகியது. கண் திரும்ப மேலே போய் முதல் வரியிலிருந்து தொடங்கியது. காது சிவந்துகொண்டு வந்தது. அந்தக் காது சிவந்தால் என்ன நடக்கும் என்று கட்டின பெண்சாதிக்குத் தெரியாதா?

"என்னப்பா, கண் நோகுதோ? வாசிச்சது காணும், எழும்புங்கோ."

அவள் திரையைத் துழாவினாள். அதே டபகந றமலகதான். சுலக்ஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு படித்த பொடியன், மனுசனுக்கு லேசான கதையாக ஒன்றைக் கொடுத்திருக்கக் கூடாதா? கோபத்தோடு எழும்பினாரென்றால் இனி இவன் பெயரையே வீட்டில் எடுக்க ஏலாது. மகளை நினைக்க அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, நிப்பாட்டும். அவருக்கு ஏலாது."

"ஆருக்கு ஏலாது? பேசாமல் இரும்."

அவருடைய விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, பச்சையை அமத்திவிட்டு எழும்பினார். சுலக்ஷனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"தாய் தேப்பன் எங்க இருக்கினம்?"

"வுப்பர்டாலில அங்கிள்."

"வாற ஞாயிறு அவையைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்."

கமலநாயகி விழித்தாள். "ஏனப்பா, அவையும் வாசிச்சுக் காட்ட வேணுமோ?"

"இவ்வளவு நேரமும் பக்கத்தில இருந்தும் உமக்கு ஒண்டும் தெரியேல்லை என்ன?" என்றார் நவரத்தினம். "நாலு பேருக்குத் தெரியாமல், என்ர கண்ணுக்கு மட்டும் தெரியிற மாதிரி தம்பி எங்கட கம்சனாவைக் கேட்டிருக்கிறார், நான் ஓம் எண்டு அமத்திப்போட்டன்."