கறிவேப்பிலைத் தொட்டி

ஓர் இனத்தையே சொந்த மண்ணைவிட்டு விரட்டிய அந்த முன்னாள் அதிபரைக் கைது செய்யச் சொன்னால் எல்லா நாடுகளும் நழுவின. கடைசியில் உலக நீதிமன்றம் அவர் காலில் ஒரு வளையத்தைப் பூட்டியது. எந்த நாட்டு மண்ணை மிதித்தாலும் அது அலறும். அந்த நாடு அவரைப் பிடித்தே ஆகவேண்டும். அன்றிலிருந்து அவருக்கு நடுக்கடலில் கப்பல்தான் வீடு.

“இந்தக் கறிவேப்பிலைத் தொட்டியில எந்த ஊரு மண்ணு?” என்று ஒருநாள் அதிபர், கப்பல் சமையல்காரர் சேகு தாவூதிடம் கேட்டார்.

“நாகூரு சார். எங்க வீட்டுக் கொல்லையில அள்ளுனது.”

அதிபர் செருப்பைக் கழற்றினார். ஒரு தொட்டி மண்ணெல்லாம் நாடாகிவிடுமா என்று பார்க்கத் தாவூதுக்கும் ஆசைதான்.

கால் பட்டதும் வளையம் அலறியது.

“காலை எடுங்க சார்!”

அதிபர் விரல்களை இன்னும் ஆழமாகப் புதைத்தார். “இரு தாவூது. ஈரமா இருக்கு. இப்பத்தான் தண்ணி ஊத்துனியா?”