வாசலுக்குப் போன ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜைத்தான் முதலில் தூக்கினார்கள்.

கேமராவோடு வந்த இருவர் ஒரு பக்கம். அப்பா மறுபக்கம்.

“சாய்க்காதீங்க தம்பி. ஆயில் எறங்கிரும்.”

அப்பாவின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. இதற்காகவே இன்று ஆட்டோ எடுக்கவில்லை.

அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி. அம்மா துணியோடு ஓடிவந்தாள்.

“துடைக்காதீங்கம்மா. அது இருக்கட்டும், நல்லாயிருக்கு” என்றான் நிரஞ்சன்.

அவன்தான் டைரக்டர். சென்னையிலிருந்து வந்திருந்தான். ஒரு செய்திச் சேனல், இதழியல் படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. அவள் தேர்வு எழுதினாள். நேர்முகத்தில் பதில் சொன்னாள். மிச்சம் இருந்தது இது மட்டும்தான். வீட்டில் வைத்து ஒரு சின்ன வீடியோ. சேனல் முதலாளி அதைப் பார்த்துச் சரி என்றால் பணம் வரும்.

வராவிட்டால் அடுத்த ஜூனில் அவளுக்குக் கல்லூரி இல்லை.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். நிரஞ்சனுக்கும் தெரியும்.

அடுத்து, அம்மாவின் சேலை.

கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கிற மாம்பழ நிறச் சேலை. தலையில் கனகாம்பரம்.

“வீட்ல கட்டுற பழசு ஏதாவது இருக்காம்மா? பூவும் வேணாமே.”

அம்மா மகளைப் பார்த்தாள். உள்ளே போனாள். வெளுத்துப்போன நைலக்ஸ் சேலையில் திரும்பி வந்தாள். பூ இருந்த இடத்தில் ஹேர்பின் மட்டும் நின்றது.

மிக்ஸி போனது. நாற்காலிகள் போயின. டிவியைச் சுவரிலிருந்து கழற்ற வரவில்லை. பழைய போர்வையால் மூடினார்கள். அப்பா தினமும் அதில் பார்ப்பது அந்தச் சேனலைத்தான்.

செய்திக்காகப் படம் எடுக்கப் போகிற இடத்தில் எதையும் இடம் மாற்றக்கூடாது. முதல் பருவத்திலேயே படித்த பாடம். உதவித்தொகைத் தேர்விலும் அதைக் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நிறைய எழுதினாள்.

முழு மதிப்பெண் போட்டார்கள்.

இவர்கள்தான் போட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நிரஞ்சன் அப்பாவின் தோளில் கை வைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. அம்மாவும் பொண்ணும் மட்டும்னாதான் கதை நிக்கும்.”

அப்பாவுக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது.

“அதுக்கென்ன தம்பி” என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

அவளுக்குக் காது சுட்டது. வாயைத் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டை அழுத்தினாள்.

மூடிக்கொண்டாள். வகுப்பில் சந்தேகம் கேட்கக்கூட எழுந்திருக்காதவள். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

ஜன்னல் வழியே காம்பவுண்டு முழுவதும் தெரிந்தது. மாடிப்படிக்கு அடியில் ஃப்ரிட்ஜ். பக்கத்தில் அப்பா. குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மாடசாமி மாமா வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“என்னடே குருவலிங்கம், ஃப்ரிட்ஜை ஜப்தி பண்ணிட்டானுவளா?”

“ஷூட்டிங்குடே. எம் மவளைப் படம் புடிக்காங்க.”

“உள்ள எம் இன்சுலின் கெடக்கே?”

“கெடாது. இப்ப முடிஞ்சிரும்.”

“சரி, மவளைத்தான புடிக்காங்க. நீ எதுக்கு இங்க நிக்க?”

அப்பா சிரித்தார். ஃப்ரிட்ஜின் தலையை உள்ளங்கையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

உள்ளே பாயை விரித்து அம்மாவையும் அவளையும் உட்கார வைத்தார்கள். அவள் துப்பட்டாவில் மைக் குத்தினார்கள்.

“ரெடியாம்மா? ‘எங்க அம்மா தனியாளா என்னைப் படிக்க வைக்கிறாங்க.’ அப்படி ஆரம்பிங்க. அழுகை வந்தா அடக்க வேண்டாம். மத்ததை மியூசிக் பாத்துக்கும்.”

கேமரா ஓடியது.

அவள் லென்ஸைப் பார்த்தாள். ஒருவரையும் நேராகப் பார்க்காதவளுக்கு, அதைப் பார்ப்பது எளிதாக இருந்தது.

“கோவில்பட்டியில் இன்று காலை, செய்திச் சேனல் ஒன்றின் படப்பிடிப்புக் குழு, ஒரு வீட்டிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜையும், ஒரு மிக்ஸியையும், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரையும் வெளியேற்றியது.”

நிரஞ்சன் கையைத் தூக்கினான்.

“ஓட்டுநரின் பெயர் குருவலிங்கம். என் அப்பா. என்னைப் படிக்க வைப்பவர்களில் ஒருவர். இன்னொருவர் என் பக்கத்தில் இருக்கிறார். வேறு சேலை கட்டியிருந்தார். மாற்றச் சொன்னார்கள்.”

குரல் நடுங்கியது. ஒரு சொல்லும் சிதறவில்லை.

“கட்” என்றான் நிரஞ்சன். இன்னொரு முறை, சத்தமாக.

கேமராக்காரர் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யோசிச்சுப் பேசும்மா. லிஸ்ட் இன்னும் ஃபைனல் ஆகல” என்றான் நிரஞ்சன்.

அவள் அம்மாவைப் பார்க்கப் பயந்தாள்.

அம்மா முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு.